தோளில் நான்கு விரல்கள்

அவள் டீயை முழுதாகக் குடித்து நான் பார்த்ததில்லை. கண்ணாடி டம்ளரின் அடியில் ஒரு மடக்கு எப்போதும் நிற்கும். ஏடு படிந்து, ஈ மொய்த்து, சாயங்காலம் வரை கீபோர்டுக்குப் பக்கத்திலேயே நிற்கும். ஸ்டூடியோ முதலாளி அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். சாப்பாட்டு டப்பாவிலும் அப்படித்தான், ஓரத்தில் ஒரு வாய்ச் சோறு. கூரம் கிராமத்திலிருந்து பஸ்ஸில் அவள் சுமந்து வந்த டப்பா அந்த ஒரு வாயோடுதான் திரும்பிப் போகும். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "முழுசா வழிச்சி வெச்சா டப்பாவே பேஜாரா பாக்குதுபா" என்றாள். டப்பாவுக்காக வருத்தப்படுகிற ஒருத்தியிடம்தான், படத்திலிருந்து மனிதர்களை நீக்குவது எப்படி என்று நான் கற்றுக்கொண்டேன்.

இன்றைக்கு அதற்கு யாரிடமும் போய் உட்கார வேண்டியதில்லை. கைபேசியில் ஆளைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டால் ஆள் போய்விடுகிறார். அவர் நின்ற இடத்தில் சுவரோ கடலோ தானாக வந்து ரொம்பிக்கொள்கிறது. நான் புத்தக அட்டைகளுக்கும் அழைப்பிதழ்களுக்கும் படம் செய்து பிழைக்கிறவன். நடுவில் நேரம் கிடைத்தால் எழுதுகிறவன். நாள் பூராவும் முகங்களை மழமழவென்று ஆக்கி அனுப்பிவிட்டு, எரிகிற கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு சாயும்போது, மூடிய இமைக்குள் அந்த டம்ளர்தான் தெரிகிறது. அடியில் ஒரு மடக்கு.

அப்போது நான் சென்னையில் ஓவியக் கல்லூரியில் மூன்றாம் வருஷம். கல்லூரிக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. கண்ணாடி அறைக்குள் துணி போர்த்திப் பூட்டி வைத்திருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வெளியிலிருந்து சேவித்துக்கொள்ளலாம். போட்டோஷாப் தெரியாதவனுக்கு இனிமேல் சோறு கிடையாது என்று சீனியர்கள் பயமுறுத்திக்கொண்டிருந்தார்கள். கோடை விடுமுறைக்குச் சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, அப்பாவுக்குத் தெரிந்த ஒருவருடைய ஸ்டூடியோவில் போய் உட்கார்ந்துகொள்ள அனுமதி கிடைத்தது. பெருமாள் கோயிலுக்குப் போகிற வழியில், பாத்திரக்கடைக்கு மேலே, மாடியில் இரண்டு அறை.

அங்கே கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்தவள் என்னைவிட ஒரு வயது சின்னவள். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் போய்விட்டது, ஆறு மாதம் டி.டி.பி. படித்திருந்தாள், அவ்வளவுதான். நான் ஒளி, நிழல், உருவ அமைப்பு என்று என் படிப்பையெல்லாம் எடுத்து விரித்தேன். அவள் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "ஆர்டிஸ்ட்டு, மொதல்ல மவுஸ அவ்ளோ அழுத்திப் புடிக்காத. அது எங்கியும் ஓடிடாது" என்றாள். அன்றிலிருந்து எனக்கு அந்த இடத்தில் ஆர்டிஸ்ட்டு என்றுதான் பெயர். அவளுக்கும் ஒரு பெயர் உண்டு. அதைச் சொல்லித்தான் கூப்பிட்டேன். இங்கே எழுதக் கை வரவில்லை.

அந்த மாடிக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் எதையாவது எடுத்தாக வேண்டியிருந்தது. கல்யாண ஆல்பத்தில் பெண்ணின் பருவை, மாப்பிள்ளையின் தொப்பையை, பந்தியில் எச்சில் இலையை. அவள் யாரிடமும் முடியாது என்று சொன்னதில்லை. படத்தை வாங்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எடுத்துடலாம்" என்பாள். நாள் முழுக்க நின்றே வந்த பஸ் பயணிக்கு உட்கார இடம் கிடைத்தால் ஒரு மூச்சு வருமே, அந்த மூச்சில் வரும் அந்தச் சொல். எடுத்தும் விடுவாள். ஆனால் எதையும் அவள் முழுதாக எடுத்ததில்லை. இது எனக்குப் புரிய மூன்று வாரம் ஆயிற்று.

கன்னத்தில் ஏழெட்டு மச்சம் உள்ள ஒரு பெண்ணின் படம் வந்தது. பெண் பார்க்கிறவர்களுக்குக் காட்டுவதற்கு. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மூக்குக்குக் கீழே இருந்த ஒன்றை மட்டும் விட்டாள். அது விடுபட்டுப்போனது என்று நினைத்துச் சுட்டிக்காட்டினேன். இதையும் எடுத்தால் பெண்ணை மாற்றிக் காட்டிவிட்டார்கள் என்று நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் சண்டைக்கு வருவார்கள் என்றாள். சிரிக்காமல் சொன்னதால் நம்பிவிட்டேன். இன்னொரு முறை, இறந்துபோன பெரியவர் ஒருவருடைய படம். கையில் இருந்த ஊன்றுகோல் வேண்டாம், அப்பா கம்பீரமாக நிற்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். கோலை எடுத்தாள். தரையில் விழுந்திருந்த கோலின் நிழலை விட்டுவிட்டாள். பெரியவர் மாலைக்குள் நிமிர்ந்து நின்றார், அவர் காலடியில் மட்டும் மெல்லிசாக ஒரு கோடு சாய்ந்து கிடந்தது. கல்லூரியில் இதைச் செய்தால் என்னை வகுப்புக்கு வெளியே நிறுத்துவார்கள் என்று சொன்னேன்.

"தெரியும்பா. இருக்கட்டும்" என்றாள். "அவரு பின்ன இன்னாத்த புடிச்சிக்கினு நிப்பாரு?"

திருப்புட்குழிப் பக்கத்திலிருந்து ஒருவர் வருவார். நிலம் வைத்திருந்தவர், பிறகு அரசியலுக்கு வந்தவர். தலைவருக்குப் பக்கத்தில் நின்று எடுத்த ஒரு படம் அவருடைய சொத்து. நான் வருவதற்கு முந்தின வருஷம் கட்சி மாறியபோது அதே படத்தைக் கொண்டுவந்து, பழைய தலைவரை எடுத்துவிட்டுப் புதுத் தலைவரை வைக்கச் சொன்னார். வைத்தாள். பழைய தலைவருடைய வேட்டிக் கரை மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குப் புதியவருக்குப் பின்னால் தெரிந்தது. அந்தக் கரையின் நிறம் வேறு கட்சியுடையது. படம் காலண்டராக அச்சாகி வீடு வீடாகப் போயிற்று, ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அந்தக் கோடையில், அடுத்த தேர்தலுக்கு முன்னால் அவர் மறுபடியும் வந்தபோது அவள் சோர்வாக ஸ்கேனர் மூடியைத் திறந்துகொண்டே சொன்னாள்: "அண்ணே, இனிமே நீங்க மட்டும் தனியா ஒரு போட்டோ எடுத்து வெச்சிக்கினா எனக்கு வேல மிச்சம்ணே." அவரும் சிரித்தார். நான் கீழே குனிந்து வயரைத் தேடுகிற மாதிரி சிரித்தேன்.

அவளை யாரும் படம் எடுக்க முடியாது. முதலாளி புதிதாக டிஜிட்டல் கேமரா வாங்கி எல்லோரையும் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்த நாட்களில்கூட அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நான் கெஞ்சிப் பார்த்தேன். "அப்புறம் அதையும் நாந்தான் உக்காந்து சரி பண்ணணும்" என்று சொல்லிவிட்டாள்.

நான் வேகமாகக் கற்றேன். லேயர் என்பது ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்ட கண்ணாடித்தாள். ஒன்றில் செய்த தவறு மற்றதைத் தொடாது. குளோன் என்பது ஓரிடத்துத் தோலையோ துணியையோ தொட்டு எடுத்து வேறிடத்தில் ஒற்றுவது. ஒற்றியது தெரியாமல் ஒற்ற வேண்டும், அதுதான் கெட்டிக்காரத்தனம். எனக்கு அதில் வெறி பிடித்தது. அவள் விட்டுவைக்கிற மிச்சங்கள் எனக்குக் கைக்குறையாகத் தெரிய ஆரம்பித்தன. பாவம், முறையாகப் படிக்கவில்லை, கண் பழகவில்லை என்று எனக்குள் ஒரு இரக்கம். அந்த இரக்கத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசுகிறது.

பெருமாள் கோயில் கருட சேவைக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு நெசவுக்காரர் பெரிய படம் ஒன்றைப் பிரேமைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தார். மகனுடைய கல்யாணத்தில் எடுத்த குடும்பப் படம். நடுவில் மணமக்கள், இரண்டு பக்கமும் நாற்காலியில் அவரும் அவர் மனைவியும். மனைவிக்குப் பின்னால், அம்மாவின் இடது தோளில் கை வைத்துக்கொண்டு மகள் நின்றிருந்தாள். சிரிப்பை அடக்குகிற முகம். அந்த மகள் போன மாதம் தனக்குப் பிடித்தவனோடு போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டுவிட்டாள் என்பது எங்கள் தெருவரைக்கும் வந்த சேதிதான். கருட சேவைக்கு உறவெல்லாம் வந்து வீட்டில் தங்கும். கூடத்தில் படம் மாட்டியிருக்க வேண்டும். மகள் இருக்கக்கூடாது.

"எடுத்துடலாம்" என்றாள் அவள்.

ஸ்கேனரின் வெளிச்சம் படத்துக்கடியில் நகர்ந்து முடியும்வரை அவர் நின்று பார்த்தார். உள்ளே ஏறிவிட்டதா என்று கேட்டார். ஏறிவிட்டது என்றதும், அந்தப் படத்தை அங்கேயே நின்று நான்காகக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். நெகட்டிவை ஏற்கெனவே வாங்கி அடுப்பில் போட்டாயிற்றாம். மனைவி அறைக்குள் வரவே இல்லை. மாடிப்படி முடிகிற இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர்கள் இறங்கிப் போனதும் நான் டீ வாங்கப் போனேன். திரும்பி வரும்போது அந்த அம்மாள் மட்டும் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். குடையை மறந்து விட்டுவிட்டேன் என்று நான் கேட்காமலே சொன்னாள். மேலே போனால் அவள் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். என்ன என்று கேட்டிருக்கலாம். என் கவனமெல்லாம் டீ ஆறுவதில் இருந்தது.

மூன்று நாள் அந்தப் படத்தோடு கிடந்தாள். மகளின் முகம் போயிற்று, பின்னல் போயிற்று, பாவாடை தாவணி போயிற்று, அங்கே கல்யாண மண்டபத்துச் சுவரும் காகிதத் தோரணமும் வந்தன. நான் தள்ளியிருந்து பார்த்தேன், நன்றாகத்தான் செய்தாள். பிரிண்டருக்கு மை தீர்ந்திருந்ததால் அச்செடுப்பது தள்ளிப்போயிற்று. மை வந்து சேர்ந்தது கருட சேவைக்கு முந்தின நாள் சாயங்காலம்.

கருட சேவை அன்று ஊருக்குள் பஸ் வராது. கூரத்திலிருந்து அவளால் வர முடியவில்லை. முதலாளி கேமராவோடு கோபுர வாசலுக்குப் போய்விட்டார், சாவியை என்னிடம் கொடுத்து, நெசவுக்காரர் சேவித்துவிட்டு நேராக வருவார், அச்செடுத்துக் கொடுத்துவிடு, வேறொன்றும் செய்ய வேண்டாம் என்றார். கீழே தெரு முழுக்கத் தலை. மேளமும் பாசுரம் பாடும் கோஷ்டியும் ஜன்னல் கண்ணாடியை அதிரவைத்தன. நான் படத்தைத் திறந்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன், பழக்கம். அம்மாவின் இடது தோளில், முந்தானை மடிப்பின் மேல், நான்கு விரல்கள் இருந்தன.

தூரத்திலிருந்து பார்த்தால் அவையும் மடிப்பு என்றுதான் தோன்றும். கிட்டே போனால் நகம் தெரிந்தது. யாருடையதும் இல்லாமல் நான்கு விரல்கள். உச்சுக்கொட்டிக்கொண்டேன். அவளுடைய வழக்கமான விடுபடல் என்று முடிவுகட்டி உட்கார்ந்தேன். அரக்குப் பட்டு, அதில் ஜரிகைக் கரை, மடிந்து விழுகிற இடத்தில் ஜரிகை எப்படிக் கறுத்துப் பின் மின்னும் என்பது இந்த ஊரில் பிறந்தவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு மணி நேரம். இழை இழையாக ஒற்றினேன். விரல்கள் ஒவ்வொன்றாகப் பட்டுக்குள் அமிழ்ந்தன. அதுவரை நான் செய்ததில் அதுதான் உயர்ந்த வேலை. சேமிக்கப் போனபோது டிஸ்க்கில் இடமில்லை என்று அறிவிப்பு வந்தது. லேயர்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துத் தட்டையாக்கினேன். அப்போதும் போதவில்லை. முதலில் ஸ்கேன் செய்த படத்தை அழித்தேன், குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். சுத்தமாக வேலை செய்கிறவன் நான்.

நெசவுக்காரர் நெற்றி நிறைய நாமத்தோடு, வியர்வையில் நனைந்து வந்தார். படத்தை ஜன்னலோரம் எடுத்துப்போய், மனைவியின் தோளை, பின்னால் இருந்த சுவரை, விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"யாரும் இருந்தா மாதிரியே தெரியல" என்றார்.

ஓவியனாக நான் வாங்கிய முதல் பாராட்டு அது. அதற்கப்புறம் எத்தனையோ வாங்கியிருக்கிறேன், அவ்வளவு துல்லியமாக இன்னொன்று அமையவில்லை.

மறுநாள் அவள் தோட்டத்து மாம்பழம் இரண்டைத் தாளில் சுற்றிக்கொண்டு வந்தாள். நான் காத்திருந்து, அவள் உட்கார்ந்ததும் படத்தைத் திறந்து காட்டினேன். அவள் நேராகத் தோளுக்குப் போனாள். பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள், கட்டம் கட்டமாக உடைகிற வரைக்கும்.

"இங்க கை இருந்துதே."

"மறந்து உட்டுட்ட. நான் எடுத்துட்டேன்."

"மறக்கல."

மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். குடை எடுக்க வந்த அன்று அந்த அம்மாள் கேட்டதைச் சொன்னாள். முகம் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், அவர் கேட்டபடியே செய்துவிடு, கையை மட்டும் விட்டுவிடு, யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரிந்தால் போதும் என்றாளாம். வேறு படமே வீட்டில் கிடையாதாம், எல்லாம் அடுப்புக்குப் போய்விட்டதாம். முதல் ஸ்கேன் எங்கே என்று கேட்டாள். சொன்னேன். லேயர் வைத்த ஃபைல்? அதையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். திரையையே பார்த்துக்கொண்டு, அசதியாக, "இவ்ளோ நல்லா பண்ணக் கத்துக்கினியேபா" என்றாள்.

அன்று டீ அப்படியே இருந்தது. ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

மத்தியானம் ஸ்கேனரைத் திறந்து துடைத்தாள். வலது கையைப் புறங்கை கண்ணாடியில் படும்படி மல்லாக்க வைத்தாள். கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற நான்கையும் எதன் மேலோ படிந்திருப்பதுபோல லேசாக வளைத்தாள். மேலே துப்பட்டாவைப் போர்த்தி என்னைப் பட்டனை அழுத்தச் சொன்னாள். அழுத்தினேன். அவள் கைக்கடியில் அந்த வெளிச்சக் கோடு மெதுவாக ஊர்ந்து போனது. விரலிடுக்குகள் சிவந்து அணைந்தன. சரியாக வரும்வரை ஆறேழு முறை. பிறகு தன் கைக்கு இன்னொருத்தியின் நிறத்தைப் பூசினாள், நிழல் போட்டாள், நான் அவ்வளவு அருமையாக நெய்து மூடியிருந்த பட்டின் மேல் அதைக் கொண்டுபோய் வைத்தாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். செய்ய எனக்கு ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை அந்த அம்மாள் வந்தாள். கோயிலுக்குப் போகிற கோலத்தில், கையில் பூக்கூடை. இந்த முறை அறைக்குள் வந்தாள். கேட்க வந்ததை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் கூடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு நின்றாள். அவள் எழுந்து புது அச்சை எடுத்துக் கொடுத்தாள். அம்மாள் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். தோளின் மேல் ஒரு விரலை வைத்தாள். ரொம்ப நேரம் அந்த விரல் அங்கேயே இருந்தது.

"இது அவ கை இல்லம்மா" என்றாள். "அவளுக்குச் சுண்டுவிரல் கொஞ்சம் கோணும்."

நான்தான் அழித்தேன் என்று சொல்ல வேண்டும். வாய் திறப்பதற்குள் அவள் பேசிவிட்டாள்.

"எங்கிட்ட தப்பாயிடுச்சும்மா. அழிஞ்சிடுச்சி. இது என் கை."

அம்மாள் அவள் கையைப் பார்த்தாள். அது மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. தொடவில்லை, ஒன்றும் செய்யவில்லை, பார்த்தாள்.

"வெறுந் தோளா இருக்குறதுக்கு இது தேவல" என்றாள். படத்தைப் பூவுக்கு அடியில் வைத்துக்கொண்டு, அவர் நெசவாளர் சொசைட்டிக்குப் போகிற நேரத்தில் தானே பிரேமைப் பிரித்து மாற்றிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

நான் சொல்லியிருக்க வேண்டும் என்று அவள் ஒருபோதும் சொல்லவில்லை. அந்த வார முடிவில் நான் கல்லூரிக்குத் திரும்பினேன். தீபாவளிக்கு வந்தபோது அவள் வேலையை விட்டிருந்தாள். கல்யாணம் என்றார் முதலாளி. எந்த ஊர் என்று அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. கூரத்துக்கு ஒருநாள் சைக்கிளில் போய், பஸ் நிறுத்தம் வரை போய், அங்கிருந்தே திரும்பினேன்.

எட்டு, ஒன்பது வருஷம் கழித்து, அக்கா பெண்ணின் கல்யாணப் புடவைக்காக ஒரு தரகர் எங்களை நெசவுத் தெருவில் ஒரு வீட்டுக்கு அழைத்துப் போனார். கூடத்துச் சுவரைப் பார்த்த பிறகுதான் அது அந்த நெசவுக்காரர் வீடு என்று தெரிந்தது. கூடத்தில் குடும்பப் படம் இல்லை. அந்த அம்மாளின் படம் மட்டும் பெரிதாக, மாலை போட்டு, சின்னச் சிவப்பு பல்புக்கு மேலே. அதே குடும்பப் படத்திலிருந்து அம்மாளைத் தனியாகப் பிரித்துப் பெரிதாக்கியிருந்தார்கள். வேறு யாரோ செய்த வேலை, ஓரங்கள் கத்தரித்த மாதிரி இருந்தன. மாலைக்கும் கழுத்துக்கும் நடுவே இடது தோளில் நான்கு விரல்கள்.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, புடவைகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த மகன் சங்கடப்பட்டார். ஸ்டூடியோக்காரன் அதையும் எடுத்துவிடுவதாகச் சொன்னானாம், அப்பாதான் கேட்கவில்லையாம். மூலையில் நாற்காலியில், தறியை விட்டுப் பல காலமாகிவிட்ட நெசவுக்காரர் உட்கார்ந்திருந்தார். காது மந்தமாகியிருக்க வேண்டும், பேச்சு தன்னைப் பற்றியது என்று கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்துகொண்டார்.

"அது எம்பொண்ணு கைபா" என்றார் என்னிடம். "இருந்துட்டுப் போவுட்டும்."

மகள் எங்கே என்று நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. அக்கா இரண்டு புடவைகளில் எது என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஏதோ ஒன்றைக் காட்டினேன். நான் பார்த்தது அந்தச் சுண்டுவிரலை. நேராக இருந்தது, கொஞ்சமும் கோணவில்லை. மடியில் ஒரு மாம்பழத்தாளும், மேஜையில் குடிக்காத டீயும், கைக்கடியில் ஊரும் வெளிச்சமுமாக அவள் உட்கார்ந்திருந்த அந்த மத்தியானத்தின் சுண்டுவிரல். அவளுடைய படம் என்று உலகத்தில் எனக்குத் தெரிந்து இருப்பது அது ஒன்றுதான். கிழவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்ல இந்த முறையும் வாய் திறந்தேன், மூடிக்கொண்டேன்.